வாடிக்கையாளர் யார் பேரேட்டில் இருக்கிறார்?

போன மாதக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் கேட்டார்: “ஐயா, நீங்க பேங்க்ல இருந்தவரு. அரிசி விக்க எந்த வெப்சைட் நல்லது? எதுல போட்டா ஜனங்க திரும்பத் திரும்ப வாங்குவாங்க?”

கூட்டம் முடிகிற நேரம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்துவிட்டார்கள். “அப்புறம் சொல்றேன் தம்பி”ன்னு சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் கேட்டது உண்மையில் இரண்டு கேள்விகள். எதில் போட்டால் விற்கும் என்பது ஒன்று. வாங்கினவர் ஏன் திரும்ப வருகிறார் என்பது இன்னொன்று. நாம் முதல் கேள்வியையே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் வருமானம் நிற்பது இரண்டாவதில்.

நானே திரும்பத் திரும்பப் போகிற இடங்களை யோசித்துப் பார்த்தேன். ரயில் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி. 2002இல் இணையத்தில் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து கோடிக்கணக்கான பேர் அங்கேதான் போகிறோம். வேறு வழி இல்லாததால் போகிறோம். தத்கால் நேரத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் திட்டிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருப்போம். பட்டா, சிட்டா பார்க்கிற அரசு இணையதளமும் அப்படியே. இதற்குப் பெயர் விசுவாசம் இல்லை, கட்டாயம்.

இன்னொன்று ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பக்கம். பிரதீப் ஜான் எழுதுவது. 2015 வெள்ளத்தின்போது காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னைப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. அவரைப் படிக்க யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அரசு வானிலை மையம் இருக்கிறது, டிவி இருக்கிறது. ஆனாலும் அறுவடை நேரத்தில் நான் முதலில் அதைத்தான் திறக்கிறேன். காரணம், எங்கே பெய்யும் என்பதோடு எங்கே பெய்யாது என்றும் எழுதுகிறார். பயப்பட வேண்டாத நேரத்தில் பயப்படாதீர்கள் என்கிறார். நம்முடைய பதற்றத்தை வைத்துப் பிழைக்கவில்லை. அதனால்தான் பயப்பட வேண்டிய நாளில் அவர் சொன்னால் நெல்லை மூட தார்ப்பாயை எடுக்கிறோம்.

கட்டாயத்தால் வருகிறவர், நம்பி வருகிறவர் என்கிற இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு நம்ம விஷயத்துக்கு வருவோம்.

எனக்கு நடந்தது

சில வருடங்களுக்கு முன் இணையத்தில் மளிகை விற்கும் ஒரு நிறுவனம் என்னிடம் தூயமல்லி அரிசி வாங்கியது. எட்டு மாதம் ஒழுங்காகப் போனது. பணமும் தேதிக்கு வந்தது. சாப்பிட்டவர்கள் நல்லா இருக்குன்னு எழுதியிருந்தார்கள், நட்சத்திரம் போட்டிருந்தார்கள். எனக்கும் பெருமைதான். ஒன்பதாவது மாதம் ஆர்டர் வரவில்லை. விசாரித்தால், “சார், நாங்க இப்ப வேற இடத்துல மொத்தமா எடுத்து எங்க பிராண்டுலயே போடறோம்” என்றார்கள்.

அவர்கள் செய்தது சட்டப்படி தப்பில்லை. தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. எட்டு மாதம் என் அரிசியைச் சாப்பிட்டவர்களில் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது, போன் நம்பர் தெரியாது. அவர்களுக்கும் என் பெயர் தெரியாது. அரிசி நின்றுபோனதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பை அதே பைதானே!

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவனுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். கணினி வருவதற்கு முன்னால் வாடிக்கையாளர் கிளைக்குச் சொந்தம். அவர் கணக்கு அந்தக் கிளையின் பேரேட்டில் மட்டும்தான் இருக்கும். கோர் பேங்கிங் வந்ததும் எல்லாக் கணக்கும் தலைமையகத்தின் கணினிக்குப் போனது. கிளையை மூடினாலும் வாடிக்கையாளர் வங்கியிடமே இருப்பார். யாருடைய பேரேட்டில் பெயர் இருக்கிறதோ, அவருடைய வாடிக்கையாளர். பொருளைச் செய்தவர் யார் என்பது அதற்கப்புறம்தான்.

தறிக்காரருக்கு நடந்தது

இதைப் புரிந்துகொள்ள காஞ்சிபுரத்துக்காரர்கள் எங்கேயும் போக வேண்டாம். காந்தி ரோட்டுக்கும் பிள்ளையார்பாளையத்துக்கும் நடுவே நடந்தால் போதும்.

கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து மூன்று தலைமுறையாக ஒரே கடைக்கு வரும் குடும்பங்கள் உண்டு. கடைக்காரர் பாட்டியின் பெயர் சொல்லி விசாரிப்பார். ஆனால் பாட்டிக்கும் அம்மாவுக்கும் பேத்திக்கும் புடவை நெய்த தறிக்காரர் யார் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. குழித்தறியில் கால் வைத்து, கோர்வைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளை உட்கார வைத்து, வாரக்கணக்கில் நெய்தவர் அவர். அவர் தறியை விட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனாலும், “எங்க நெசவாளர் எங்கே?” என்று கேட்க ஒருவர்கூட இல்லை. திறமை தறியில் இருந்தது, வாடிக்கையாளர் கடையின் கணக்குப் புத்தகத்தில் இருந்தார்.

கூட்டுறவு சங்கங்கள் வந்தது இந்த நிலையை மாற்றத்தான். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் பின்னாளில் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நெய்தவரின் படத்தையும் பெயரையும் அட்டையில் அச்சிட்டுப் புடவையோடு கட்டிவிட்டார்கள். சின்ன அட்டைதான். ஆனால் வாங்கினவர் முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்த்தார்.

முத்திரைகளும் இருக்கின்றன. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005–06இல். அதற்கு முன்பே 2004இல் சில்க் மார்க் வந்துவிட்டது. இருந்தும் இன்றைக்கு இணையத்தில் ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று தேடினால் சில நூறு ரூபாய்க்கு விசைத்தறிச் சேலைகள் வரிசைகட்டி வருகின்றன. சில்க் மார்க் அசல் பட்டு என்று மட்டும்தான் சொல்லும். சரிகையில் எவ்வளவு வெள்ளி என்று சொல்லாது, யார் நெய்தார் என்றும் சொல்லாது. நம்ம பிஜிஎஸ் சான்றிதழும் அப்படித்தான். முதல் தடவை ஒருவரை நம் வாசலுக்குக் கூட்டி வரும். இரண்டாவது தடவை அவர் வருவது நம் கையில் இருக்கிறது.

தறிக்காரர் இடத்தில் நாளைக்கு நாம் உட்காரப் போகிறோமா என்பதுதான் என் கவலை. நஞ்சில்லாமல் விளைவிப்பது நாம், பெயர் அவர்கள் செயலியில்.

ஒரு கணக்கு

“லட்சம் பேர் பார்க்கிற தளம் ஐயா அது” என்று சொல்லுவார்கள். நமக்கு லட்சம் பேர் எதற்கு? ஒரு ஏக்கரில் மரபு நெல் 75 கிலோ மூட்டையாக 16 மூட்டை எடுக்கிறோம் என்று வையுங்கள். 1,200 கிலோ நெல். அரைத்தால் நூற்றுக்கு அறுபது என்று 720 கிலோ அரிசி. ஒரு குடும்பம் மாதம் 10 கிலோ வாங்கினால் வருஷத்துக்கு 120 கிலோ. அதாவது ஒரு ஏக்கர் ஆறு குடும்பத்துக்குத்தான் காணும். ஐந்து ஏக்கர்காரருக்கு முப்பது குடும்பம். நவரை, சொர்ணவாரி என்று இன்னொரு போகம் போட்டால் அறுபது.

முப்பது பேரைப் பிடித்துவைக்க விளம்பரம் வேண்டாம், தள்ளுபடி வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு போனும் போதும். ஆனால் அந்த முப்பது பேரும் போகக் கூடாது. அதற்குத்தான் பெரிய தளங்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

எதைக் கற்கலாம்

2007இல் புத்தகம் விற்க ஆரம்பித்த பிளிப்கார்ட், 2010இல் ‘பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுங்கள்’ என்றது. இணையத்தில் வாங்கவே பயந்த ஜனங்கள் அதற்கப்புறம்தான் துணிந்தார்கள். வங்கிப் பாஷையில் சொன்னால், நஷ்டப்படும் பயத்தை வாங்குகிறவர் தலையிலிருந்து இறக்கி, விற்கிறவர் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். நாமும் புது ஆளுக்கு முதல் ஐந்து கிலோவை அப்படிக் கொடுக்கலாம். “சமைச்சுப் பாருங்கம்மா, பிடிச்சா காசு அனுப்புங்க.” வண்டு வந்துவிட்டது என்றால் வாக்குவாதம் செய்யாமல் மாற்றிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பொருள் எங்கே வருகிறது என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது. பார்சல் கிளம்பியது, வந்துகொண்டிருக்கிறது, இன்று வரும் என்று போனில் வருகிறதல்லவா? நாமும் நாற்று விட்ட நாள், நடவு, கதிர் வந்தது, அறுவடை என்று வருஷத்துக்கு நாலு தடவை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பலாம். தினமும் காலை வணக்கம் வேண்டாம்!

மூன்றாவதும் முக்கியமானதும், குறையைச் சொல்லிவிடுவது. இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன்.

ஒரு வருஷம் என் தூயமல்லி புரட்டாசியிலேயே தீர்ந்துவிட்டது. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. தெரிந்த விவசாயி ஒருவரிடம் நெல் வாங்கி, அரைத்து, என் பையிலேயே போட்டு அனுப்பினேன். அவரும் இயற்கை விவசாயிதான், ரசாயனம் போடாதவர். அதனால் தப்பில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாம்பரத்திலிருந்து வாங்கும் ஓர் ஆசிரியை போன் செய்தார். “சார், இந்தத் தடவை அரிசி உங்க நிலத்துதானா?” “ஆமாம்மா” என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு வாங்கவே இல்லை. அவர் மூலமாக வந்த இரண்டு குடும்பங்களும் நின்றுவிட்டன. சாதம் வடித்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. “இது இன்னொருத்தர் நிலத்துதும்மா” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார். என் அரிசி தீர்ந்ததற்காக அவர் போகவில்லை, அந்த ‘ஆமாம்மா’வுக்காகப் போனார்.

அடுத்த வருஷம் மழையில் பயிர் சாய்ந்து, விளைச்சல் பாதியானது. இந்த முறை எல்லோருக்கும் எழுதினேன்: இவ்வளவுதான் இருக்கிறது, ஆளுக்குப் பாதிதான் கொடுக்க முடியும். நாலு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த தையில் அதில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

எதைக் கற்கக் கூடாது

தளங்கள் செய்கிற எல்லாமே நமக்கு ஆகாது. முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் தள்ளுபடி காட்டுவது, ‘இன்னும் இரண்டுதான் பாக்கி’ என்று அவசரப்படுத்துவது, சேருவதற்கு ஒரு பொத்தான் வைத்து விலகுவதற்குப் பத்துப் பொத்தான் வைப்பது. இதெல்லாம் நம்பி வந்தவரைக் கட்டாயத்தால் வருகிறவராக மாற்றுகிற வேலை. தள்ளுபடிக்கு வந்தவர் அடுத்த தள்ளுபடிக்கு அடுத்த கடைக்குப் போவார்.

கூட்டத்தைப் பார்த்தும் மயங்கக் கூடாது. 2019இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் நம்ம ஊர் தாங்காத ஜனம். அந்த 48 நாளை நம்பிக் கடை போட்டவர் ஆகஸ்ட் 17க்கு அப்புறம் என்ன செய்வார்? யூடியூபில் ஒரு வீடியோ ஓடினால் நமக்கும் அப்படி ஒரு கூட்டம் வரும். ஒரு வாரம் போன் அடிக்கும். அதில் நம் நோட்டில் நிற்கப்போவது நாலு பேர். அந்த நாலு பேரைத்தான் கவனிக்க வேண்டும்.

நம்ம இயக்கத்துக்குள்ளேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் அவர்கள் இரண்டு கிலோ விதைநெல் கொடுத்துவந்தார். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அடமானம் இல்லை, ஜாமீன் இல்லை. கடன் கொடுத்தே காலம் தள்ளிய எனக்கு அது பெரிய ஆச்சரியம். திருப்பிக் கொடுக்கிற விவசாயி தன்னை வாடிக்கையாளராக நினைக்கவில்லை, அந்த நெல்லில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார். ஜப்பானில் 1970களில் தாய்மார்கள் விவசாயிகளோடு சேர்ந்து தொடங்கிய ‘தெய்கெய்’ முறையும் இதுதான். விளைந்ததை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் நஞ்சில்லாமல் விளையுங்கள் என்று இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

“கீரையும் காய்கறியும் அன்றாடம் போகணும், நோட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்று ஒரு தங்கை கேட்பார். நியாயம்தான். தளங்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உபரியைக் கொடுங்கள். ஆனால் பையில் உங்கள் பெயர், ஊர், ரகம் அச்சிட வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். மறுத்தால், அவர்கள் வாங்குவது அரிசியை மட்டும் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். மொத்த விளைச்சலையும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். தனியாக முடியாதவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பட்டியல் வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் இல்லாத பூங்கார் என்னிடம் இருக்கும், என்னிடம் இல்லாத கீரை உங்களிடம் இருக்கும். யாருடைய நிலத்தில் விளைந்தது என்பதை மட்டும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தம்பி, வெப்சைட் பெயரைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். உங்களிடம் இரண்டு தடவைக்கு மேல் வாங்கினவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். நானும் என் நோட்டைக் கொண்டுவருகிறேன். அதில் அந்தத் தாம்பரம் ஆசிரியையின் பெயரை இன்னும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.