டியூப்பில் போகும் சாப்பாடு: கஞ்சி மட்டும் ஏன் போதாது?

வேலூர் லாங் பஜாரில் வீட்டுக்கு மளிகை வாங்க வருபவர்களோடு இன்னொரு கூட்டமும் கலந்திருக்கும். ஒரு கையில் ஆஸ்பத்திரி ஃபைல், இன்னொரு கையில் பை. அரை கிலோ நொய், கால் கிலோ பாசிப்பருப்பு, இரண்டு சாத்துக்குடி என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவார்கள். நடந்து போகும் தூரத்தில் சி.எம்.சி மருத்துவமனை இருக்கிறது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கி வைத்தது அது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழிலாளர் குடும்பங்கள் முதல் மேற்கு வங்கம், வங்கதேசத்துக்காரர்கள் வரை அங்கே வருகிறார்கள். பலர் அருகில் அறை எடுத்துத் தங்கி, தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள்.

இப்படி ஆசையோடு காய்ச்சிய கஞ்சி, எந்த ஊராக இருந்தாலும் ஐ.சி.யூ வாசலில் நின்றுவிடும்.

"சிஸ்டர், அப்பாவுக்கு நொய்க் கஞ்சி கொண்டாந்திருக்கேன். டியூப்ல கொஞ்சம் ஊத்திடுங்களேன்."

"வெளியில செஞ்சது வேணாம்மா. டயட்டீஷியன் எழுதினதைத்தான் குடுக்கணும்."

மகளுக்கு மனசு ஆறாது. 'வீட்டுக் கஞ்சியைவிடவா அந்தப் பவுடர் உசத்தி?' என்று தோன்றும். நியாயமான கேள்விதான். பதிலை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

கஞ்சிக் கணக்கு

ஐ.சி.யூ நோயாளிக்கு, உடல்நிலை ஓரளவு நிலைப்பட்ட பிறகு, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 25 கலோரியும் குறைந்தது 1.2 கிராம் புரதமும் தேவை. 60 கிலோ எடையுள்ளவர் என்றால் நாளொன்றுக்கு 1,500 கலோரி, 72 கிராம் புரதம்.

டியூப்பில் இறங்க வேண்டுமானால் கஞ்சி நீர்க்க இருக்க வேண்டும். ஒரு டம்ளரில் 20 கிராம் அரிசி இருந்தாலே அதிகம். அதில் கிடைப்பது 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். நாளுக்கு 8 முறை ஊற்றினாலும் 560 கலோரி, 12 கிராம் புரதத்தைத் தாண்டாது. வயிறு நிறையும், உடம்பு பட்டினி கிடக்கும்.

அந்தப் பட்டினிக்கு விலை உண்டு. கடும் நோயில் உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவழிக்கும். லண்டனில் 63 ஐ.சி.யூ நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. பத்தே நாளில் தொடைத் தசையின் பருமன் சராசரியாக 17 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. உணவால் இதை முழுவதும் தடுக்க முடியாது. ஆனால், அரைப் பட்டினியும் சேர்ந்தால் வென்டிலேட்டரிலிருந்து மீள்வதும் எழுந்து நடப்பதும் இன்னும் தள்ளிப்போகும்.

அப்படியானால் நிறையக் கொடுக்கலாமா?

அதுவும் ஆபத்துதான். குடல் வேலை செய்து, ரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் டியூப் உணவைத் தொடங்குவார்கள். ஆனால், கொஞ்சமாக ஆரம்பித்துச் சில நாள்களில்தான் முழு அளவுக்குப் போவார்கள். பல நாள் சாப்பிடாமல் இருந்தவருக்குத் திடீரென முழு உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவு சரிந்து இதயமே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், வயிறார உணவு கிடைத்த பிறகு இறந்துபோனது இதனால்தான்.

எனவே, நீங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல் இது: நோயாளி சரியாகச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது? முன்பு எடை எவ்வளவு, சர்க்கரை அல்லது கிட்னி பிரச்னை உண்டா என்பதையும் சொல்லுங்கள். கிட்னி பழுதானவருக்கு 'சத்து' என்று கொடுக்கும் இளநீரில் உள்ள பொட்டாசியமே விஷமாகலாம்.

'டியூப் போட்டாச்சா... அவ்வளவுதானா?'

உறவினர்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் 'ரைல்ஸ் டியூப்' முடிவின் அடையாளம் அல்ல. லண்டன் மருத்துவர் ஜான் ரைல் 1921-ல் இதை அறிமுகப்படுத்தியது வயிற்றுச் சுரப்பைப் பரிசோதிக்கத்தான். இன்று அது விழுங்க முடியாத நாள்களுக்கான பாலம். மணிப்பூரின் இரோம் ஷர்மிளா 2000-ல் உண்ணாவிரதம் தொடங்கியவர். காவலில் மூக்கு டியூப் வழியே கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டு, 2016 வரை அப்படியே வாழ்ந்தார். அவர் நோயாளி அல்ல. ஆனாலும் டியூப் உணவிலேயே உயிர் வாழ முடியும் என்பதற்கு அவரே சாட்சி. மறு ஆண்டு கொடைக்கானலில் அவருக்குத் திருமணமும் நடந்தது.

4 முதல் 6 வாரங்களுக்கு மேல் டியூப் தேவைப்பட்டால், எண்டோஸ்கோப்பி மூலம் நேரடியாக வயிற்றில் வைக்கும் 'பெக்' டியூப்பை டாக்டர்கள் பரிந்துரைப்பார்கள்.

டியூப்போடு வீட்டுக்குப் போகும்போது...

ஐ.சி.யூ-வில் கலப்படமும் கிருமியும் சேராமல் இருக்க, அளவு தெரிந்த பவுடர் உணவே நல்லது என்கின்றன இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் 2018-ம் ஆண்டு வழிகாட்டுதல்கள். ஆனால், மாதக்கணக்கில் டப்பா வாங்குவது தினக்கூலிக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. கூச்சப்படாமல் டயட்டீஷியனிடம் அதைச் சொல்லுங்கள். பால், பொட்டுக்கடலை மாவு, பருப்பு, எண்ணெய் என்று கிராம் கணக்கில் வீட்டுக்கு ஏற்ற முறையை எழுதித் தருவார். கூடவே இவற்றையும் கவனியுங்கள்:

• கொடுக்கும்போதும், அதன்பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும்.

• மூக்கருகே டியூப்பில் உள்ள குறி நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாதீர்கள். நர்ஸ் பார்க்க வேண்டும்.

• உணவுக்கு முன்னும் பின்னும், டாக்டர் வேறு அளவு சொல்லாதவரை, 30 மில்லி சுத்தமான நீர் விட்டு டியூப்பைக் கழுவுங்கள்.

• கலந்த உணவை வெளியே வைத்து 2 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். வேலூர் வெயிலில் இன்னும் சீக்கிரமாகவே கெடும்.

• பச்சை முட்டை வேண்டாம். மாத்திரைகளைக் கேட்காமல் பொடிக்க வேண்டாம்.

• இருமல், மூச்சுத்திணறல், வாந்தி வந்தால் உடனே நிறுத்தி உதவி கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'நாக்குல ருசி படட்டுமே' என்று யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்பூன் ஊட்டாதீர்கள். பக்கவாதத்தில் விழுங்கும் திறன் போனவருக்கு அந்த ஒரு ஸ்பூன் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடும். வாய்வழி உணவை எப்போது தொடங்கலாம் என்பதை, விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

சரி, அந்த நொய்க் கஞ்சியை என்ன செய்வது? ஷிஃப்ட் கூலியை விட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் ஐ.சி.யூ வாசலில் உட்கார்ந்து, டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிறாரே அம்மா, அவருக்கு ஊற்றிக் கொடுங்கள். அப்பா வீடு திரும்பிய பிறகு 2 மணிக்கு ஒரு தரம் எழுந்து டியூப்பில் ஊற்றப்போவது அவர்தான். அவர் உடம்பிலும் தெம்பு இருக்க வேண்டும்.