ஐந்தரைக்கு இடமில்லாத உலகம்



போன வாசிப்பு வட்டத்தில ஒருத்தர் சொன்னார்: "பழைய தங்க மணிக்கூட்டில ஆசைப்படுறது கலை ரசனை. அதுக்குள்ளயும் அரசியல் தேடாதையுங்கோ." அவர் காட்டின படம் படேக் பிலிப் 2523, 1953இல் வந்த உலக நேர மணிக்கூடு. வடிவுதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா கதைக்காமல் விட ஏலாது.

முதலில் அதைச் செய்த கையைப் பாப்பம். லூயி கொத்தியே, ஜெனீவாவை ஒட்டின கரூஜில் வேலை செய்தவர். 1931 அளவில் அவர் உருவாக்கிய பொறிமுறையில் நடுவில் வழமையான முட்கள், சுற்றி 24 மணி வளையம், வெளியே ஊர்ப் பெயர்கள். ஒரே பார்வையில் லண்டன், நியூயோர்க், டோக்கியோ. பல கொம்பனிகளுக்கு அவர் செய்து குடுத்தார். முகப்பில மின்னுறது கொம்பனியின் பெயர். 2019இல் ஹொங்கொங் ஏலத்தில் ரோஜா நிறத் தங்கத்தில் செய்த ஒரு 2523 ஏறத்தாழ 90 லட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது. சேகரிப்பவர்கள் கொத்தியேயின் பெயரை மந்திரம் மாதிரிச் சொல்லுவினம். ஆனா அவர் 1966இலேயே இறந்துவிட்டார். அதுக்குப் பிறகு அந்த மணிக்கூட்டில ஒரு துளி உழைப்பும் கூடேல்லை. விலையை ஏத்தினது அரிதாய் இருக்கிறதும் பெரிய பணமும்தான்.

அடுத்தது, அந்த முகப்பில இருக்கிறது எவருடைய உலகம்? 1884இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி கிரீன்விச்சைப் பூச்சிய ரேகையாக்கின. காலனிகளாய் இருந்த இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அங்கே வாக்கு இல்லை. இண்டைக்கும் வழமையான 24 ஊர் முகப்பு கராச்சியிலிருந்து டாக்காவுக்குப் பாயுது. ஐந்து, பிறகு ஆறு. ஐந்தரைக்கு இடமில்லை. சென்னையும் யாழ்ப்பாணமும் நடுவில விழுந்து போச்சுது.

எங்கட குசினிச் சுவரில 2 மணிக்கூடு: ஒண்டு சுவிஸ் நேரம், மற்றது ஊர் நேரம். ஹோட்டல் அறைகளைத் துப்பரவாக்கிப்போட்டு வந்து, மாரியில நாலரை, கோடையில மூன்றரை எண்டு கூட்டித்தான் அம்மா ஊருக்கு அடிப்பா. அதுக்கு முந்தி இன்னும் சிக்கல். 1996இல் கொழும்பு அரசு நேரத்தை முதல் ஆறரைக்கும் பிறகு ஆறுக்கும் மாத்தினது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி அதை ஏற்கேல்லை. 2006இல் திரும்ப ஐந்தரை ஆகும்வரை ஒரே தீவில 2 நேரம். "கொழும்பு நேரமோ, வன்னி நேரமோ?" எண்டு கேட்டுத்தான் அம்மா கணக்குப் போட்டவ. நான் படிச்ச முதல் உலக நேரப் பாடம் அதுதான்.

கைபேசி எல்லா ஊர் நேரத்தையும் சும்மா காட்டுது. பிறகேன் இந்த மணிக்கூட்டுக்கு மவுசு குறையேல்லை? எல்லா ஊர் நேரமும் கையில சுத்தும். ஒருத்தருக்காகவும் நித்திரை முழிக்கத் தேவையில்லை. அந்தச் சுகம்தான் விலைபோகுது. முழிக்கிறது சென்னையில் அமெரிக்க நேரத்துக்கு இரவு வேலை செய்யிற பிள்ளை. முழிக்கிறது ஊர் விடியும் வரைக்கும் காத்திருந்து தொலைபேசி எடுக்கிற அகதி.

இனிக் கண்ணாடியை எங்கட பக்கம் திருப்புவம். எங்கட இணையக் கூட்டம் எப்பவும் ஐரோப்பிய நேரம் இரவு 7 மணி. மாரியில யாழ்ப்பாணத்தில அது 11.30. அங்கத்தைத் தோழர்கள் கொட்டாவியோட வருகினம், இல்லாட்டி வராமல் விடுகினம். பிறகு நாங்கள் "ஊரில ஆர்வம் குறைவு" எண்டு குறிப்பு எழுதுறம். 90 லட்சம் டொலர் இல்லாமலே அந்த மணிக்கூட்டை நாங்களும் கட்டியிருக்கிறம்.

என்ர முன்மொழிவு இதுதான். கூட்ட நேரம் மாதா மாதம் சுழல வேணும். அடுத்தது ஞாயிறு காலை 9 மணி. ஊரில மத்தியானம் 1.30. கனடாத் தோழர்களுக்கு அது சாமம், கத்துவீங்கள் எண்டு தெரியும். அதுக்கு அடுத்த மாதம் உங்கட வசதி. நித்திரை கெடத்தான் வேணுமெண்டா, மாறி மாறிக் கெடுவம்.