பிடுங்கத் தெரிந்தவர்கள்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பஸ், ஒரு கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கி நின்றது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு. பக்கத்து சீட் பெரியவர் கையை நீட்டிச் சொன்னார்: ‘‘எங்கப்பா காலத்துல போடி ரயிலயே யுத்தத்துக்குத் தூக்கிக் கொடுத்துட்டாங்க தம்பி!’’

கதையல்ல. சுமார் 90 கிலோமீட்டர் மதுரை - போடி ரயில் பாதை 1928-ல் வந்தது. 1942-ல், இரண்டாம் உலகப் போர்த் தேவைக்காக வெள்ளைக்காரன் தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்துவிட்டான்.

ராணுவத்துக்குப் பாதை என்றால் படை போகிற வழி. 1809-ல் வேலுத்தம்பி தளவாய் எதிர்த்து நின்றபோது, கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் புகுந்தது. அடுத்த சில வருஷங்களில், 1816 முதல் 1820 வரை, வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்டுகள் அந்த சமஸ்தானம் முழுக்க அளந்து, மலை, கணவாய், பாதை எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். ஊர் சுற்றிப் பார்க்கவா?

அதே கண்ணால் 1942-ல் போடி ரயிலைப் பாருங்கள். மலையடிவாரத்தில் முட்டி நிற்கிற கிளைப் பாதை. துறைமுகம் கிடையாது. ஜப்பான்காரன் வருகிற வழியும் அல்ல. பிடுங்கு! ஏலக்காய் மூட்டை ஏற்றுகிறவனும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவளும் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

சரி, அவன் அந்நியன். 1953-54-ல் நாம் திரும்பப் போட்டோம். அப்புறம்? 2010 கடைசியில் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று நாமே ரயிலை நிறுத்தினோம். தேனிக்கு அது திரும்பி வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். கூட்டிப் பாருங்கள். உலகப் போர் விழுங்கியது பதினோரு, பன்னிரண்டு வருஷம். பட்ஜெட்டில் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்து நாம் விழுங்கியது பன்னிரண்டரை வருஷம்! ஹிட்லரையே தோற்கடித்துவிட்டோம் சார்.

அன்று ‘படைக்கு உதவுமா’ என்று கேட்டார்கள். இன்று ‘வருமானம் வருமா’ என்கிறார்கள். ‘ஜனங்களுக்கு வேணுமா’ என்ற கேள்வி மட்டும் இரண்டு காலத்திலும் கடைசி. அதனால்தான் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர்கேம்ப் வரை ரயில் என்பது இன்னமும் கோரிக்கை மனுவாகவே இருக்கிறது. சாலை இருக்கிறதே என்பீர்கள். திராட்சையும் வாழையும் ஏற்றிய லாரிகளோடு, சபரிமலை சீசனில் அந்தச் சாலையில் ஒருமுறை போய்விட்டு வந்து பேசுங்கள்.

பெரியவர் இறங்கும்போது சொன்னது: ‘‘பிடுங்கச் சொல்லி யாரும் மனு கொடுக்கல தம்பி. போடச் சொல்லித்தான் கொடுத்துக்கிட்டே இருக்கோம்!’’