‘டிஸ்சார்ஜ்’ என்றால் வீடு திரும்புதல் மட்டுமா? வகுப்பறைக்கு வெளியே நாம் கற்க வேண்டிய ஆங்கிலம்

மருத்துவமனையில் ‘டிஸ்சார்ஜ்’ என்றால் நோயாளி வீடு திரும்புகிறார். வன்கொடுமை வழக்கில் அதே சொல் வந்தால், சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே குற்றஞ்சாட்டப்பட்டவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்படுகிறார். வகுப்பறையில் ‘அப்ரிஷியேட்’ என்றால் பாராட்டுதல். தீர்ப்பில், சாட்சியத்தை எடைபோடுதல். ஊரில் ‘காம்பவுண்டு’ என்றால் சுற்றுச்சுவர். சட்டத்தில், வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ளுதல்.

உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம் என்றதும் போட்டித் தேர்வு நூல்களின் அரிய சொற்பட்டியல்களே மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் வாழ்வைத் தீர்மானிப்பவை, நமக்குத் தெரியும் என்று நாம் நம்பும் சொற்களின் தெரியாத பொருள்களே.

2018 மார்ச் 20 அன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ‘பிரிலிமினரி என்கொயரி’ என்ற இரு சொற்களைச் சேர்த்தது. ‘முதற்கட்ட விசாரணை’ என்று கேட்டால் தீங்கற்ற நடைமுறையாகவே தோன்றும். முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்பே புகாரை நிறுத்திவைக்க அது வழிதிறந்தது என்பதே அதன் பொருள். ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. வட மாநிலங்களில் உயிர்கள் பறிபோயின. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அத்தடையை நீக்கியது.

இச்சட்டத்தின் 15ஏ பிரிவு, பிணை, டிஸ்சார்ஜ், பரோல், தண்டனை குறித்த விசாரணைகளில் பாதிக்கப்பட்டவர் தம் கருத்தைக் கூறும் உரிமையை அளிக்கிறது. அச்சொற்களின் பொருள் அறியாதவர் அவ்வுரிமையை எப்போது கோர வேண்டும் என்பதையும் அறியமாட்டார்.

உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் இணையத்தில் வெளியிடுகிறது. எனினும் ஆங்கில வடிவமே அதிகாரப்பூர்வமானது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் கைவிடப் போவதில்லை. அது நிறைவேறும் வரை நம் வழக்குகள் காத்திருக்கப் போவதுமில்லை.

ஆங்கிலம் புழங்கும் வீட்டில் பிறந்தவருக்கு இச்சொற்கள் நிலத்தைப் போலப் பரம்பரைச் சொத்தாக வந்துசேர்கின்றன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு வகுப்பறை தருவதோ, தேர்வுக்குப் போதுமான ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் மட்டுமே. தனிமனிதரின் விடாமுயற்சியால் மட்டும் இந்த இடைவெளி நிரம்பாது. இதைக் கூட்டாகவே ஈடுசெய்ய முடியும்.

நம் ஊர்ப் படிப்பகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் வாரம் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். ஒரு தீர்ப்பின் இரு பத்திகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்து உரக்கப் படிக்க வேண்டும். தெரிந்த சொல் பொருந்தாத இடத்தில் நிறுத்த வேண்டும். அகராதியின் முதல் பொருளோடு நில்லாமல் அடுத்தடுத்த பொருள்களையும் பார்த்து, அச்சொல்லால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதோடு சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கின் கதையோடு மனத்தில் பதிந்த சொல் மறப்பதில்லை.

லாகூர் மாநாட்டு அழைப்பு திரும்பப் பெறப்பட்டபோது, ஆற்ற முடியாமல் போன உரையை அண்ணல் அம்பேத்கர் 1936இல் தாமே ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டார். மேடை மறுக்கப்பட்ட பின்னும் மொழி அவர் கையில் இருந்தது. நம் தோழர் ஒருவர் அடுத்த முறை நீதிமன்ற வாசலில் ஆணையின் நகலோடு நிற்கும்போது, அதைப் படித்துப் பொருள் சொல்ல நம்மில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.