சுமை யார் தலையில்?

வெள்ளத்தைத் தடுக்கச் சென்னை வெளிநாட்டுக் கடன் வாங்கும் காலம் இது. கோவளம் வடிநிலத்து மழைநீர் வடிகால்களுக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி, கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி. பணம் கிடைக்குமா என்ற கவலை ஓரளவு தீர்ந்துவிட்டது. சுமை யார் தலையில், பலன் யார் கையில் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இத்தனைக்கும் அதற்கு இந்த ஊரே ஒருகாலத்தில் உருப்படியான விடை வைத்திருந்தது.

1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்தார்கள். வீடு கட்டித் தரவில்லை. சிறு மனை, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். சுவரும் கூரையும் அவரவர் கையில் காசு சேரச் சேர எழும்பின. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த வரவைக் கொண்டு சிறு மனையின் விலையைக் குறைத்தார்கள். தவணை தவறியவர்கள் உண்டு, விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனாலும் கூலிக்காரர் கடைவீதிக்கும் பேருந்துக்கும் எட்டும் தூரத்திலேயே இருந்தார். இன்று அந்தத் தெருக்களில் மாடிமேல் மாடியாக நிற்கும் வீடுகளைப் பார்த்தால், எளியவரை நம்பிக் கடன் கொடுத்தது வீண்போகவில்லை என்றே தோன்றுகிறது.

இருபதாண்டு கழித்து ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடை போட முனைந்தது. வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம், வணிக இணைப்புக்கு 10,000. மிச்சத்துக்குப் பெரும்பாலும் கடன். குழி தோண்டுமுன் குடியிருப்போர் சங்கங்களோடு உட்கார்ந்து கணக்குப் பேசினார்கள். கழிவுநீர் லாரிக்காரருக்குக் கொடுத்துச் சலித்தவர்களுக்கு அந்தக் கணக்கு எளிதில் புரிந்தது.

2000 வாக்கில் பாதை மாறியது. ஆற்றோரத்துக் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின் இது இன்னும் வேகம் பிடித்தது. காரணம், வெள்ள ஆபத்து. போய்ச் சேர்ந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். மழைக்காலத்தில் அங்கும் தண்ணீர் சூழ்கிறது! மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் இரண்டு பேருந்து மாறி வர வேண்டும். வேலைக்கு நேரத்துக்கு வர முடியாமல் இரண்டு வீடு கைநழுவிப் போகும். இந்த இழப்பை எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் செலவாக எழுதுவதில்லை. எழுதாத செலவை ஏழைதான் கட்டுகிறார். அதையும் சேர்த்து எழுதியிருந்தால், நகருக்குள்ளேயே மாற்றிடம் கொடுப்பது மலிவாகத் தெரிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கடனைத் திருப்பிக் கட்டும் பக்கத்தில் மட்டும் ஓரளவு நியாயம் தென்படுகிறது. 2022இல் சொத்துவரியை உயர்த்தியபோது, பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 விழுக்காடு, 1,800 சதுர அடியைத் தாண்டியதற்கு 150 விழுக்காடு என்று படி வைத்தார்கள். (வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார் என்பது வேறு கதை.)

2025 மே மாதம் மாநகராட்சி 7.97 விழுக்காடு வட்டியில் 200 கோடி ரூபாய்க்குப் பத்தாண்டுக் கடன் பத்திரம் வெளியிட்டது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டைப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்பதற்கான பணம் அது. மாநகராட்சியின் நாணயத்தைச் சந்தை நம்புகிறது, மகிழ்ச்சி. ஆனால் அதே கொடுங்கையூரில் குப்பை எரிஉலை கொண்டுவரும் திட்டமும் இருக்கிறது. புகையில் காலந்தள்ளிய வடசென்னை மக்கள் அதை எதிர்க்கிறார்கள். பத்திரம் வாங்கியவருக்கு வட்டி நாள் தவறாது. அங்கே குடியிருப்பவரிடமோ, மீட்ட நிலத்தில் என்ன வரப்போகிறது என்பதை வார்டு கமிட்டியிலும் ஏரியா சபையிலும் கணக்கோடு வைத்து ஒப்புதல் கேட்க வேண்டும். அடுத்த பத்திரம் வெளியிடுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.