காலி வேகன் எங்கே? லிங்கனின் ரயில்காரர் நடத்திய இன்னொரு போர்!

போர் என்றதும் துப்பாக்கியும் பீரங்கியும்தான் கண்முன் வரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஹெர்மன் ஹாப்ட் என்ற இன்ஜினீயர் தேடி அலைந்தது காலி வேகன்களை!

1862 ஏப்ரலில் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டன், ஹாப்டை அழைத்து வர்ஜீனியாவின் ராணுவ ரயில்பாதைகளைச் சீர்செய்யும் பொறுப்பைக் கொடுத்தார். ராணுவக் கல்லூரியில் படித்தாலும், ரயில்பாதை போடுவதிலேயே காலத்தைக் கழித்தவர் ஹாப்ட். வந்த வேகத்தில் பொட்டோமாக் ஓடையின் மேல் சுமார் 400 அடி நீளத்துக்கு ஒரு பாலம் கட்டினார். பக்கத்துக் காட்டு மரங்கள், தச்சுவேலை தெரியாத சிப்பாய்கள், 9 நாள் வேலை. அதைப் பார்த்த லிங்கன் அசந்துபோனார். அவரைக்கொடிக்கு நடும் கொம்பும் சோளத்தட்டையும் போலத் தெரிந்த அந்தப் பாலத்தின் மேல் ரயில் ஓடுகிறதே என்று வியந்து பேசினார்.

ஆனால், எல்லா இடத்திலும் பக்கத்தில் காடு இருக்குமா? தண்டவாளம், ஆணி, மரச்சட்டம் எல்லாம் ரயிலில்தான் வந்தாக வேண்டும். சிப்பாய்களுக்கு உணவும் குதிரைகளுக்குத் தீவனமும் அதே வேகன்களில்தான் வரவேண்டும். போர்முனைக்குப் போன வேகன்களோ திரும்பி வருவதில்லை. அங்கிருந்த அதிகாரிகள் சரக்கை இறக்காமல், வேகன்களையே குடோனாக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மழைக்கு ஒதுங்க இடம் கிடையாது. எதிரி வந்தால் சரக்கோடு அப்படியே இழுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால், இரண்டு நாளில் போய்த் திரும்ப வேண்டிய வேகன் ஆறு நாள் நின்றால், அதே சரக்குக்கு மூன்று மடங்கு வேகன் வேண்டும். போதாததற்கு ஒற்றைப்பாதை. ஒரு ரயில் மறித்து நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும்.

ஆகஸ்ட் மாதம் விஷயம் முற்றியது. தன் படைதான் முதலில் போக வேண்டும் என்று ஜெனரல் ஸ்டர்ஜிஸ் ரயில்பாதையையே மறித்தார். முன்னால் ஜெனரல் போப்பின் படை உதவிக்காகக் காத்திருக்கிறது. அதற்கு ஆள் ஏற்றிப்போக வேண்டிய வேகன்கள் வழியிலேயே முடங்கிக் கிடக்கின்றன. ஹாப்ட் எடுத்துச் சொல்லியும் ஜெனரல் மசியவில்லை. தலைமைத் தளபதி ஹாலெக்கிடமிருந்து தந்தி வந்த பிறகுதான் பாதை திறந்தது. அதற்குள் பொன்னான நேரம் போய்விட்டது.

அந்த நவம்பரில் போர்த்துறை உத்தரவு போட்டது. எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் சரி, எந்த அதிகாரியும் ரயில் ஓட்டத்தில் தலையிடக் கூடாது. வேகன் வந்ததும் சரக்கை இறக்கி, உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஹாப்டும் விடாமல் நச்சரித்தார்.

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர். படைக்குச் சரக்கு வர மிஞ்சியது, பால்டிமோரிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் போகும் ஒற்றைப்பாதைதான். தந்தி கிடையாது, ரயில்கள் ஒதுங்கப் போதிய கிளைப்பாதை கிடையாது, இன்ஜினுக்குத் தண்ணீர்கூடச் சரியாக இல்லை. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு ரயில் ஓடினாலே அதிகம். ஹாப்ட், அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து 400 ரயில்வே ஆட்களையும், கூடவே வாளி, லாந்தர், விறகையும் வரவழைத்தார். ஓடையிலிருந்து வாளியில் மொண்டு இன்ஜினில் ஊற்றினார்கள். ஐந்தைந்து ரயிலாகச் சேர்த்து அனுப்பினார்கள். இன்ஜினைத் திருப்ப வசதி இல்லாததால், சரக்கை இறக்கியதும் ரயில் அப்படியே பின்னோக்கி ஓடித் திரும்பியது. ஒரு நாளைக்கு 30 ரயில் என்ற கணக்குக்குப் பாதை வந்துவிட்டது.

இன்னொரு பக்கம், ஹாரிஸ்பர்க் பாதையில் எதிரிகள் அழித்துவிட்டுப் போன 19 பாலங்களைக் கட்ட ஹாப்டின் ஆட்கள் இறங்கியிருந்தார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டரில் சரக்கு இறக்கிய வேகன்கள் காலியாகத் திரும்பவில்லை. போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்த ஆயிரக்கணக்கானவர்கள் அவற்றில்தான் பால்டிமோர் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.