எட்டு மணி நேரமும் உள்ளே நின்றவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘தீயணைப்பு வீரர்கள் எட்டு மணி நேரம் போராடித் தீயை அணைத்தனர்’ என்ற வரியைக் கோடைக்காலத்தில் அடிக்கடி படிக்கிறோம். எத்தனை வண்டிகள் வந்தன, எத்தனை லட்சம் ரூபாய் சேதம் என்பதெல்லாம் செய்தியில் இருக்கும். அந்த எட்டு மணி நேரமும் உள்ளே நின்றது அதே ஆறு பேர்தானா, நடுவில் அவர்கள் நிழலில் உட்கார்ந்தார்களா, ஒரு வாய் தண்ணீராவது குடித்தார்களா என்பது மட்டும் இருக்காது. அதை யாரும் கேட்பதும் இல்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

நான் அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடந்த மே மாதம் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பஞ்சு குடோன் பற்றிக்கொண்டது. பஞ்சில் பிடித்த தீ மேலே அணைந்துவிட்டாலும் பொதிக்குள் கனன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு பொதியாக இழுத்துப் போட்டு, பிரித்து, நனைக்க வேண்டும். காலை பத்தரை மணிக்கு வந்தவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கத்திரி வெயில். தெருவில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை.

மூன்றரை மணி வாக்கில் ஓர் இளைஞர் காம்பவுண்டுச் சுவரோரம் வந்து சரிந்து உட்கார்ந்தார். “புகைதாம்மா, கொஞ்சம் காத்து வாங்கினா சரியாயிடும்” என்றார் உடன் வந்த இருவரில் ஒருவர். நான் குனிந்து, “தம்பி, உங்க பேர் என்ன?” என்று கேட்டேன். பெயர் வரவில்லை. “வண்டி எங்கே, வண்டி எங்கே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி அவருக்கு எதிரே இருபதடி தள்ளித்தான் நின்றது. கோட்டைக் கழற்றச் சொன்னேன். உள்ளே சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது, உடம்பு அடுப்பாகக் கொதித்தது. தெருப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பத்து நிமிடம் கழித்துத்தான் அவர் தன் பெயரைச் சொன்னார். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்துக்கொண்டார்.

ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரைச் சுமந்த வண்டி பக்கத்தில் நிற்க, அதில் ஒரு வாளியை அவர் தலையில் ஊற்ற வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வீரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை என்பதே என் கோபம்.

தீயணைப்பு வீரருக்கு ஆபத்து நெருப்பிலிருந்து வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அவருடைய சொந்த உடம்பின் சூடும் அவரைக் கொல்லும். கோட்டு, கால்சட்டை, தலைக்கவசம், பூட்ஸ், முதுகில் காற்று சிலிண்டர் எல்லாம் சேர்ந்தால் எடை இருபது கிலோவைத் தாண்டும். வெளிச்சூட்டை உள்ளே விடாத அந்தக் கனத்த உடை, உள்ளே பிறக்கும் சூட்டையும் வெளியே விடாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கோட்டுக்குள் அது காய்வதில்லை, வெறுமனே வழிகிறது. இப்படி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். ரத்தத்தின் நீர் குறைய, இதயம் இன்னும் வேகமாக அடித்துக்கொள்ளும். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 40 டிகிரியைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால் அது ‘ஹீட் ஸ்ட்ரோக்’. மூளை, சிறுநீரகம், ஈரல் எதையும் அது விட்டுவைக்காது.

இதில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நம்புகிறார்கள். வெயிலில் முடங்கிக் கிடக்கும் முதியவர்களிடம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கடும் உழைப்பால் வரும்போது வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். பேச்சு குழறுவதும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதும்தான் அடையாளம். அப்போது காய்ச்சல் மாத்திரை உதவாது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. உடையைக் கழற்றி, குளிர்ந்த நீரில் அமர்த்தியோ இடைவிடாமல் நீரூற்றியோ, அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றுவது.

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று, பணியில் நேரும் மரணங்களில் 45 சதவீதம் இதய நோயால் வருபவை என்றது. அவர்களுடைய பணி நேரத்தில் தீயோடு நேருக்கு நேர் நிற்பது 1 முதல் 5 சதவீதம்தான். இதய நோய் மரணங்களிலோ சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சிறிய நேரத்தில் நடந்திருந்தது. தீயை அணைத்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்தவர்களும் இருந்தார்கள். கடும் உழைப்பும் பதற்றமும் புகையும் சூடும் சேர்ந்து இதயத்தின் மேல் ஏற்றும் சுமை அது. அந்த நாட்டில் இதற்கென்றே ஒரு தரவிதி வகுத்தார்கள். அரை மணி நேர சிலிண்டர் இரண்டு தீர்ந்தால், கோட்டைக் கழற்றி, நிழலில், குறைந்தது 20 நிமிட ஓய்வு. அவர் மீண்டும் உள்ளே போகத் தகுதியாக இருக்கிறாரா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

நம் ஊர்த் தீக்கள் அரை மணியில் முடிபவை அல்ல. 2017 மே 31 அதிகாலையில் தியாகராய நகர் ஜவுளிக்கடையில் பிடித்த தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதியையே சாய்த்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்தது. இரண்டும் உச்சக் கோடை. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ராத்திரியிலும் வியர்வை காயாது.

“ஊர் எரியும்போது ஓய்வா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்க இருவர் வர வேண்டும். எங்கள் தெருவில் அப்படித்தான் மூன்று பேர் ஒரே நேரத்தில் தீயை விட்டு விலக நேர்ந்தது. முறை வைத்து ஓய்வு கொடுத்திருந்தால் விலகியிருப்பது ஒருவர்தான்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. கோடையில் போக்குவரத்துக் காவலர்களுக்கு மோர் கொடுக்கிறார்கள். இரண்டையும் மனதார வரவேற்கிறேன். அந்த அக்கறை தீக்குள் இறங்குபவர்களுக்கும் எழுத்தில், ஆணையாக வர வேண்டும்.

நான் கேட்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் எந்தத் தீயிலும் ஒரு தார்ப்பாய் நிழல், குடிநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல், முழங்கை வரை கையை அமிழ்த்தி வைக்க இரண்டு பிளாஸ்டிக் தொட்டி. கைகளை நீரில் வைத்தாலே உடம்பின் சூடு இறங்கும். ஹோஸைப் பிடிக்காமல், யார் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்பதை மட்டும் கவனிக்க ஒருவர். ஒற்றை வண்டி நிலையங்களுக்கு, தீ பெரிது என்று தெரிந்த உடனே அடுத்த ஊரிலிருந்து மாற்றுக் குழு. கோடையில் பயிற்சிகள் விடியற்காலையில் நடக்கட்டும். நீண்ட விடுப்பு முடிந்து வருபவருக்கு வெயில் பழக ஓரிரு வாரம் கொடுங்கள். மயங்கி விழுந்த ஒவ்வொருவரும் பணியில் காயமுற்றவர் என்று பதிவாகட்டும். பதிவு இல்லாவிட்டால் நாளை ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று சொல்லிவிடுவார்கள்.

1944 ஏப்ரல் 14-இல் பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அந்த நாளில் மலர்வளையம் வைக்கிறோம். நமக்கு அது சித்திரை பிறக்கும் நாள், கடுங்கோடையின் வாசல். வரும் ஏப்ரல் 14-க்கு முன்பாக இந்த ஆணை ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்தின் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை ‘எட்டு மணி நேரம் போராடினர்’ என்று எழுதும்போது, எத்தனை பேர், எத்தனை முறை மாற்றப்பட்டார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்